என்னிடம் சொல்லப்படாத வாக்கியங்கள்

ஒரு முற்பகலில், ஒளிச்சிதறலைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பழகிய துறை. பணியில் இருந்தவரை கல்லூரியில் அதைத்தான் கற்பித்தேன். நான் பாதிப் பக்கம் கடப்பதற்குள் கீழே, எங்கள் அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில், முதல் மாடிக்காரருக்கும் மூன்றாம் மாடிக்காரருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

“சார், இது என்னோட இடம். பெயின்ட்ல நம்பர் போட்டிருக்கு, பாருங்க.”

“பெயின்ட்டை யாரு அடிச்சது? நீங்களே அடிச்சுக்கிட்டதுதானே?”

“நான் ஏன் சார் அடிக்கணும்? அசோசியேஷன் அடிச்சுது.”

“அசோசியேஷன் செகரட்டரியே நீங்கதானே சார்!”

கட்டுரையைக் கடைசி வரி வரை படித்து முடித்தேன். மூடி வைத்துவிட்டு, பழைய வழக்கப்படி அதன் சாரத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். தலைப்பு வந்தது. முதல் பத்தியின் நிழல் போல ஏதோ வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சண்டையோ ஒரு சொல் குறையாமல் இருந்தது. யார் எந்தச் சொல்லில் குரலை உயர்த்தினார், காவலாளி எப்போது இருமினார், யாருடைய மனைவி மேலிருந்து “உள்ள வாங்கோன்னா” என்று கூப்பிட்டார் என்பது வரை, எழுதி வைத்தாற்போல் இருந்தது.

இது எனக்கு வருத்தத்தைவிட வியப்பையே தந்தது. என் ஆய்வேட்டை நான் எழுதியது தியாகராய நகரில், துணிக்கடைகள் நிறைந்த ஒரு தெருவின் மேல்மாடி வாடகை அறையில். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தத் தெருவில் எழும் இரைச்சல் இன்னது என்று சென்னையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதன் நடுவே கணக்குப் போட்டிருக்கிறேன். இரைச்சல் இருந்ததாகவே நினைவில்லை. அந்த மனிதனுக்கும் எனக்கும் இடையில் எங்கோ ஒரு கதவின் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. எப்போது, எப்படி என்று அறிய விரும்பினேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருத்துவரிடம் போனேன். நாற்பதுகளில் இருக்கும் பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரு சிறுகதை. அதன் வரிகளுக்கு நடுவே, கதைக்குத் தொடர்பில்லாத சொற்கள் சாய்ந்த எழுத்தில் கலந்திருந்தன.

“சாஞ்ச எழுத்துல இருக்கறதை விட்டுடுங்க. மத்ததை மட்டும் சத்தமா வாசிங்க சார்.”

வாசித்தேன். தடுக்கித் தடுக்கித்தான் வாசிக்க முடிந்தது. பிறகு அவர் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, உறக்கம், நடை, இரத்த அழுத்தம் என்று பொதுவாக விசாரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, எழுத்துகள் விடுபட்ட சில சொற்களைக் காட்டி, நிரப்பச் சொன்னார். விறுவிறுவென்று நிரப்பினேன். அவர் சிரித்தார்.

“கவனிச்சீங்களா? நீங்க நிரப்பினதெல்லாம் நான் விட்டுடச் சொன்ன வார்த்தைங்க.”

“கதை மறந்துவிட்டது” என்றேன்.

“அதுதான் விஷயம். மூளைக்கு ரெண்டு வேலை சார். வேணுங்கறதைப் பிடிச்சுக்கணும், வேண்டாததை அமுக்கணும். வயசாகும்போது, பிடிச்சுக்கற வேலை ஓரளவுக்குத் தாக்குப்பிடிக்கும். அமுக்கற வேலைதான் முதல்ல தளரும். விட்டுடுன்னு சொன்னாலும் எல்லாம் உள்ள போயிடுது.”

“இது இழப்புதானே?”

“படிக்கறப்ப இழப்பு. எப்பவுமே இழப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.” என் மருத்துவக் குறிப்புகளை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “துக்கத்துல இருக்கறவங்களுக்கும் கவனம் சிதறும். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்திருக்கு. எதனால எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.”

பிரிக்க முடியாததைப் பிரிக்க முடியாது என்று சொல்பவர்களிடம் எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. நன்றி சொல்லிவிட்டு நடந்தே மயிலாப்பூருக்குத் திரும்பினேன். மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகளை ஒட்டி நடக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. விட்டுவிடச் சொன்னவை என்னுள்ளே போயிருக்கின்றன என்றால், நான் கேட்காமல் விட்ட மற்றவையும் போயிருக்க வேண்டும். அதாவது, என் மனைவி பேசியவை.

இதைச் சற்று விளக்க வேண்டும். என் மனைவி என்னிடம் குறைவாகவே பேசினாள். அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அது எங்கள் வீட்டின் அமைப்பு. நான் கூடத்தில் படித்துக்கொண்டிருப்பேன். தேவையானதைச் சுருக்கமாகச் சொல்வாள். மற்ற பேச்சையெல்லாம் பொருள்களிடம் பேசினாள். குக்கரிடம், வராத லிஃப்டிடம், ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய கண்ணாடியிடம். எல்லாவற்றையும்விட அதிகமாக நவராத்திரிக்கு முந்தைய நாள்களில் கொலுப் பொம்மைகளிடம். ஒவ்வொன்றையும் துணி பிரித்து எடுத்து, துடைத்து, இடம் பார்த்து வைக்கும் வரை அதனுடன் ஒரு பேச்சு நடக்கும். நான் சில அடி தள்ளி நாற்காலியில் இருப்பேன். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம்கூட எனக்கு நினைவில்லை என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

அவள் போன பிறகு என்னிடம் மிஞ்சிய அவள் குரல், கைப்பேசியில் சில பதிவுகள். பால் வாங்கி வரும்படி ஒன்று. கீழே நிற்கிறேன், சாவியைப் போடுங்கள் என்று ஒன்று. அவை என்னிடம் பேசியவை. அவள் தானாகப் பேசியவை எங்கும் இல்லை. ஒருவேளை என் தலைக்குள் இருக்கலாம் என்று இப்போது ஒரு மருத்துவர், தாம் அறியாமலேயே, எனக்குச் சொல்லியிருந்தார்.

அவளுடைய முதலாண்டுத் திதியான வருஷாப்திகம் முடிந்து, அடுத்த நவராத்திரி நெருங்கிக்கொண்டிருந்தது. அடையாற்றிலிருந்து என் மைத்துனி, மனைவியின் தங்கை, வந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்தாள்.

“அத்திம்பேர், பொம்மையெல்லாம் பரண்லதானே இருக்கு? எடுத்துண்டு போகலாம்னு பாக்கறேன். எங்கம்மாவாத்துப் பொம்மை. ரெண்டு வருஷமாத் துணிக்குள்ள கிடந்தா நன்னாவா இருக்கு?”

“நான் வைக்கப் போகிறேன்.”

“என்னத்தை?”

“கொலு.”

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். “நீங்களா? எந்தப் படியில எதுன்னு தெரியுமா உங்களுக்கு? கிருஷ்ணனுக்கும் மாடு மேய்க்கற பையனுக்கும் வித்தியாசம் சொல்லுங்கோ பாக்கலாம்.”

“கிருஷ்ணன் நீலம்.”

“அடேயப்பா! பேராசிரியர்னா பேராசிரியர்தான்.” சிரிப்பு அடங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டாள். “விளையாட்டா சொல்லலை. ஆம்பளை ஒண்டியா கொலு வெப்பாளா எங்கேயாவது? யாரைக் கூப்பிடுவேள், யாருக்கு வெத்தலை பாக்கு குடுப்பேள்? எங்காத்துல இடமிருக்கு, மாட்டுப்பொண் வரா, பேத்தி வரா. பொம்மைக்கும் மனுஷா வேணும்.”

அவள் சொன்னது நியாயம். பொம்மைகளின் மேல் அவளுக்கிருந்த உரிமை என்னுடையதைவிடப் பழையது. ஆயினும் எனக்கு அந்தப் பொம்மைகள் வேண்டும். ஒவ்வொரு பொம்மையும் ஒரு கேள்வித்தாள் மாதிரி. அதைக் கையில் எடுத்தால்தான் விடை வரலாம். அடையாற்றில் வேறு படிகளில், வேறு வரிசையில் அவை நின்றுவிட்டால் அந்த வாய்ப்பு முடிந்தது. இதை அவளிடம் விளக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. “இந்த ஒரு வருஷம் வைத்துப் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னேன்.

“சரி, வையுங்கோ. முதல் நாள் சாயங்காலம் வந்து பாப்பேன். அக்கா வெச்ச மாதிரி இருந்ததுன்னா பொம்மை இங்கேயே இருக்கட்டும். தாறுமாறா இருந்தா, விஜயதசமி ஆனதும் நானே கட்டி எடுத்துண்டு போயிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப்படாது.”

ஒப்புக்கொண்டேன்.

காவலாளி பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்து, இரும்புப் படிகளையும் பூட்டிக் கொடுத்தார். மறுநாள் பிற்பகலைத் தேர்ந்தெடுத்தேன். என் திட்டம் எளியது: தாழ்ப்பாள் கழன்றுவிட்டதால், வெளியே இருந்து எதையும் வரவிடக் கூடாது. ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். கைப்பேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன். வியர்வை வழிய, நடுக்கூடத்தில் அமர்ந்து, ஒரு பொம்மையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மனத்தைக் குவித்தேன்.

ஒன்றும் வரவில்லை. பொம்மை மாறியது, ஒன்றும் வரவில்லை. என் மூச்சு கேட்டது. குளிர்பதனப் பெட்டி ஒரு முறை உறுமி நின்றது. அந்தி வரை முயன்றேன். கடைசியில், ஏதாவது ஓர் ஒழுங்கு வேண்டுமே என்று, உயரத்தின் வரிசைப்படி எல்லாவற்றையும் படிகளில் நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு அது.

காலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண் அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்துடன் நின்றுவிட்டாள். என் மனைவி போன பிறகு சேர்ந்தவள். பட்டினப்பாக்கத்தில் மீனவக் குடும்பம். கொலுவை அவள் வேறு வீடுகளில் எட்டிப் பார்த்திருக்கிறாளே தவிர, எங்கள் வீட்டில் பார்த்ததில்லை.

“இன்னா சார் இது, இஸ்கூல்ல பிரேயருக்கு நிக்கிற மாதிரி நிக்க வெச்சிக்கீறீங்க? குள்ளமா கீறதால அந்தப் புள்ளையார முன்னாடி தள்ளிட்டீங்களா?”

“சரியான இடம் தெரியவில்லை அம்மா.”

“எங்க வூட்டுல குடிலு வெக்கிறப்பயும் இதே ரோதனதான். எங்க நாத்தனா வந்தா ஆட்ட இங்க வையிம்பா, எங்க மாமியா வந்தா ஒட்டகத்த அங்க வையிம்பா. கொயந்த ஏசு ஒர்த்தருதான் நகராம படுத்துக்கினு இருப்பாரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வரிசையைக் கலைத்துப் பொம்மைகளை மீண்டும் தரையில் பரப்பினேன். மனம் விட்டுப்போய், நாளிதழை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் ஜன்னல்களைத் திறந்தாள். மெட்ரோ துளைப்பின் அதிர்வு உள்ளே வந்தது. தெருவில் காய்கறி ஆட்டோவின் ஒலிபெருக்கி தக்காளி, வெங்காயம் என்று ஓதிக்கொண்டு போயிற்று. அவள் சமையலறையில் மிக்ஸியைப் போட்டுவிட்டு, அதற்கு மேல் குரலெடுத்து, கைப்பேசியில் தன் அக்காவுடன் பேசினாள். படகு எஞ்சின் பழுதான கதை. நான் ஏதோ ஒரு தலையங்கத்தின் மூன்றாவது வரியில் இருந்தேன்.

“உனக்கு அந்த ஓரம் வேண்டாம்டீ. ஃபேன் காத்துல உன் கிரீடம் ஆடறது.”

என் மனைவியின் குரல். குரல் கேட்டது என்று சொல்ல மாட்டேன். நான் அப்படிப்பட்டவன் அல்லன். அந்த வாக்கியம் அதன் ஏற்ற இறக்கத்தோடு எனக்குத் தெரிந்தது. எந்தப் பொம்மைக்குச் சொன்னது என்பதும் தெரிந்தது. தரையில் கிடந்த மீனாட்சியை எடுத்துக் கிரீடத்தைத் தொட்டேன். ஆடியது.

நாளிதழை வைத்துவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கூர்ந்து காத்திருந்தேன். அறவே நின்றுவிட்டது. அலுத்துப்போய் மறுபடியும் தலையங்கத்துக்குத் திரும்பினேன். எஞ்சினுக்கு உதிரிப் பாகம் காசிமேட்டில் கிடைக்குமா கிடைக்காதா என்று சமையலறையில் தர்க்கம் நடந்துகொண்டிருக்கும்போது, மற்றொன்று வந்தது.

மங்கலான நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. நேரே பார்த்தால் அது மறைந்துவிடும். பார்வையைச் சற்று விலக்கி, பக்கத்தில் உள்ள வெறும் இருட்டைப் பார்த்தால், ஓரக்கண்ணில் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி மங்கிய ஒளிக்கு ஏற்றதல்ல என்பது காரணம். மாணவர்களுக்கு இதை ஆண்டுதோறும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கவனத்துக்கும் அப்படி ஓர் ஓரம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் பேசியவை இரைச்சலோடு இரைச்சலாக உள்ளே போனவை. அதனால்தானோ என்னவோ, வெளியே வரவும் இரைச்சலைக் கேட்டன.

ஆனால் ஐயம் எழுந்தது. தனியாக வாழும் கிழவனின் மனம் தனக்கு வேண்டியதைத் தானே புனைந்துகொள்ளாதா? சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு அன்றே கிடைத்தது. குழலூதும் கிருஷ்ணனுக்கு உரியதாக ஒரு வாக்கியம் வந்தது: “உன் காலுக்கடியில மெழுகு வெச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது. ஆடாம நில்லு.” பொம்மையை உடனே எடுக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு கவிழ்த்துப் பார்த்தேன். பீடத்தின் ஒரு மூலையில், பழுப்பேறிய மெழுகு, கட்டை விரலால் அழுத்திய தடத்துடன் இருந்தது.

அந்தத் தடத்தின் மேல் என் விரலை வைக்கவில்லை. கிருஷ்ணனை இரண்டாம் படியின் நடுவில் நிறுத்தினேன்.

இவ்வாறு, நாளிதழைப் படிப்பதும் பொம்மை வைப்பதுமாகச் சில நாள்கள் போயின. வேலைக்காரப் பெண்ணுக்கு விஷயத்தை மேலோட்டமாகச் சொல்லியிருந்தேன். “பேசிக்கினே கீணும், அவ்ளோதான? சொல்ட்டீங்க இல்ல, வுடுங்க சார்” என்றாள். பேச்சுக்காகச் சம்பளம் பெறுவது போன்ற பெருமிதம் அவள் முகத்தில் தெரிந்தது. வரிசை ஏறக்குறைய முழுமை பெற்றது. இடையூறு தசாவதாரத்தில் வந்தது. ஒன்பது பேர்தான் இருந்தார்கள். பலராமர் இல்லை. எல்லாப் பெட்டிகளையும் தேடிவிட்டேன்.

வடக்கு மாட வீதிக்குப் போனேன். நடைபாதை நெடுகப் பொம்மைக் கடைகள். பலராமரைச் சுட்டிக் காட்டி விலை கேட்டேன்.

“தனியா குடுக்க மாட்டோம் சார். செட்டாத்தான். செட்டை உடைச்சா மீதி ஒம்போதை நான் யார் தலையில கட்டறது?”

“என்னிடம் ஒன்பது இருக்கிறது. ஒன்றுதான் குறை.”

“அப்ப இன்னொரு கிருஷ்ணர் வாங்கிக்கங்க, அது தனியா கெடைக்கும். ரெண்டு கிருஷ்ணர் நின்னா யார் சார் எண்ணப் போறா?”

என் மைத்துனி எண்ணுவாள் என்பது அவருக்குத் தெரியாது. எப்படியும் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். சோதனையில் விடுபட்ட அளவீட்டைக் கடையில் வாங்கி நிரப்புவது எனக்குப் பழக்கமில்லை.

விடை, கொலு தொடங்குவதற்கு முந்தைய நாள் வந்தது. எதிர் வீட்டு மாடியில் ஓடு பதிக்கும் வேலை. ஒரு சில்லு விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தோடு வேறொரு சத்தம், எங்கள் கூடத்தில் மண் பொம்மை ஒன்று உடைந்த சத்தம், நினைவில் எழுந்தது. அதன் பின்னால் அவள் பேச்சு: “வாடா செவப்புத் தொப்பி. பத்துப் பேர் நிக்கற எடத்துல ஒம்போது பேர் நிக்கப்படாது. கலப்பை இல்லேன்னா என்ன, உன் கையில லத்தி இருக்கே.”

எங்கள் பொம்மைகளில் போலீஸ்காரன் ஒருவன் உண்டு. மிடுக்கான மீசை, கையில் லத்தி. ஆனால் அவன் தொப்பி நீலம். தொப்பி போட்ட வேறு பொம்மை எதுவும் இல்லை. அந்தச் சொல் பொருந்தவில்லை. பொருந்தாத ஒரு முடிவை என்ன செய்வது? மாற்றாமல் அப்படியே பதிவு செய்ய வேண்டும். பரசுராமர், இராமர், அடுத்து போலீஸ்காரன், பிறகு கிருஷ்ணர் என்று நிறுத்தினேன். இதைக் கண்டதும் மைத்துனி பொம்மைகளைக் கட்டத் தொடங்கிவிடுவாள் என்று அறிந்தேதான் நிறுத்தினேன்.

முதல் நாள் மாலை அவள் பட்டுப்புடவையில் வந்தாள். வேலைக்காரப் பெண் அன்று சுண்டல் செய்வதற்காகத் தங்கியிருந்தாள். மைத்துனி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வறையில் கண்காணிப்பவர் போல மேல் படியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். மரப்பாச்சிகளைப் பார்த்துத் தலையசைத்தாள். மீனாட்சியைப் பார்த்தாள், புருவம் உயர்ந்தது. “பரவாயில்லையே. இவளை அக்கா இப்படித்தான் உள்ளே தள்ளி வெப்பா” என்றாள். அதற்குக் கீழே வந்தவள் நின்றாள்.

“அத்திம்பேர்.”

“சொல்லு.”

“தசாவதாரத்துல போலீஸ்காரன் நிக்கறான்.”

“ஆமாம்.”

“மகாவிஷ்ணு எப்போ போலீஸ்ல சேர்ந்தார்?” என்று சிரிக்கத் தொடங்கினாள். சமையலறை வாசலில் நின்றிருந்த பெண்ணும் சேர்ந்துகொண்டாள்: “எங்க குடிலுல ஒரு ஆட்டுக்குட்டி தொலைஞ்சி போச்சும்மா. எம்பொண்ணு அந்த எடத்துல டைனோசர வெச்சிட்டா. சாமியாரு வந்து பாத்துட்டு ஒண்ணியும் சொல்லல, ஜெபம் பண்ட்டு போய்ட்டாரு.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு மைத்துனியின் முகம் மாறியது. என் அருகில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்: “அந்த டாக்டர் என்ன சொன்னா, அத்திம்பேர்? எங்கிட்ட மறைக்காதீங்கோ.”

அவள் எதை அஞ்சுகிறாள் என்று புரிந்தது. மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். பிறகு பலராமர் உடைந்த சத்தத்தையும், அதன் பின்னால் வந்த பேச்சையும், சொல் மாற்றாமல், அவள் அக்கா சொன்ன இழுப்போடு சொன்னேன். “ஆனால் தொப்பி நீலமாக இருக்கிறது. அது மட்டும் எனக்கு விளங்கவில்லை” என்று முடித்தேன்.

அவள் சோபாவின் நுனியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“அது செவப்பாத்தான் இருந்தது. நாங்க சின்னவாளா இருக்கறச்சே. அப்பாதான் ஒரு வருஷம் நீலம் அடிச்சார். எனக்கும் அக்காவுக்கும் பிடிக்கலை. நாங்க ரெண்டு பேர் மட்டும் செவப்புத் தொப்பின்னே கூப்பிடுவோம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.” என்னைப் பார்த்தாள். “உங்ககிட்ட அவ சொன்னாளா?”

“என்னிடம் சொல்லவில்லை. அவனிடம் சொன்னாள். நான் படித்துக்கொண்டிருந்தேன்.”

“எப்போ?”

“கடைசியாக வைத்த கொலு. நீ அப்போது பையன் வீட்டுக்கு, அமெரிக்காவுக்குப் போயிருந்தாய்.”

“அவ கையிலேர்ந்து பொம்மை நழுவவே நழுவாதே, அத்திம்பேர். எண்ணெய்க் கையோட எடுத்தாக்கூட நழுவாதே.” அவள் நிறுத்தினாள். கையின் தளர்ச்சியில் தொடங்கி அவள் அக்காவைக் கொண்டுபோன நோய் எப்போது வந்தது என்று நாங்கள் எல்லாருமே ஒரு கணக்கு வைத்திருந்தோம். அந்தக் கணக்கை அவள் மனத்துக்குள் திருத்திக்கொள்வதை நான் பார்த்தேன்.

எழுந்து போய்ப் போலீஸ்காரனின் தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பொம்மை இங்கேயே இருக்கட்டும்” என்றாள். அதற்குள் அவள் முகத்தில் வேறொன்று வந்திருந்தது. நான் இத்தனை நாள்களாகச் சுமந்த அதே ஆவல். “வேற என்ன சொன்னா? செட்டியார் பொம்மையைப் பத்திச் சொன்னாளா? அந்த யானையை?”

“கேட்டால் வராது.” நாளிதழையும் மிக்ஸியையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அபத்தமாகப் பட்டது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

“இவ்வளவுதானா? நீங்க பேப்பரைப் படிங்கோ. நான் பேசிண்டே இருக்கேன். எனக்குப் பேசவா சொல்லித்தரணும்?”

“அப்ப எனக்கு லீவா சார்?” என்றாள் வேலைக்காரப் பெண். “நீயும் பேசுடீம்மா, யார் வேண்டாம்னா?” என்றாள் மைத்துனி.

நவராத்திரி முழுவதும், மாலைதோறும் அடையாற்றிலிருந்து ஆட்டோவில் வந்தாள். அவள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வரும் நேரம், லிஃப்டில் நாய் ஏறலாமா கூடாதா என்ற தகராறு, மாட்டுப்பெண்ணுக்கு ரசம் பிடிக்காதது எல்லாவற்றையும் பேசினாள். நான் படித்தேன். சில நாள்களில் ஒன்றிரண்டு வாக்கியங்கள் வந்தன, உடனே சொன்னேன். சில நாள்களில் எதுவும் வரவில்லை, அவள் கோபித்துக்கொள்ளவில்லை. யானையைப் பற்றி வந்தது. செட்டியாரைப் பற்றி இன்றுவரை வரவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள், நானும் மைத்துனியும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பொம்மையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் சுற்றி முடிக்கும் வரை நாளிதழில் இரண்டு வரி படிப்பேன். அவள் கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மகனிடம் விமானச் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது, எந்தப் பொம்மைக்கும் உரியதல்லாத ஒரு பேச்சு வந்தது. என் மனைவி கீழ்ப் படியில் உட்கார்ந்து, வலக் கை விரல்களை இடக் கையால் நீவிக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

“இவர் படிக்க ஆரம்பிச்சுட்டா எதுவும் காதுல ஏறாது. அதுவும் ஒரு சௌகரியம்தான். எல்லாத்தையும் பேசிக்கலாம். விரல் மரத்துப்போறதை நவராத்திரி முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்.”

மைத்துனி கைப்பேசியை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“ஏதோ வந்திருக்கு. சொல்லுங்கோ.”

முதல் பாதியைச் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். “அக்கா அப்படித்தான். உங்க எதிர்லயே உக்காந்துண்டு உங்களைப் பத்திப் பேசியிருக்கா, பாருங்கோ” என்றாள். நானும் சிரித்தேன். மெய்யாகவே சிரிப்பு வந்தது.

மற்றப் பாதியை அவளிடம் சொல்லவில்லை. எவை வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க என்னால் முடியாது. முடியும் என்றால் இதைத் தடுத்திருப்பேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தடுத்திருக்க மாட்டேன். அது என் மனைவி தன்னிடம் மட்டும் பேசியது. அதை வைத்திருக்க உலகில் வேறு யாரும் இல்லை.

அடுத்த பொம்மையை எடுத்து மைத்துனியிடம் நீட்டினேன். அவள் தண்ணீர் லாரியின் கதையை முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.